பிரான்சின் குடும்பப் பண்ணை ஒயின்களில் 2016 முதல் 2022 வரை எந்த அறுவடை ஆண்டை வாங்கலாம்?

எல்லாப் பண்ணைகளுக்கும் பொருந்தும் பதில் இதற்குக் கிடையாது. நான் விடாமல் கவனித்து வரும் ஒரு பண்ணையை வைத்தே சொல்கிறேன்: தென் ரோன் பள்ளத்தாக்கில், ஷாத்தோநேஃப் து பாப் வட்டாரத்தில் உள்ள ஷாத்தோ த போகாஸ்தெல். 1909 முதல் பெரான் குடும்பத்தின் வசம் இருக்கிறது.

ஆண்டைப் பார்ப்பதற்கு முன் இங்கே கொடியைப் பார்க்க வேண்டும். அந்த வட்டாரப் பெயரில் ஒயின் விற்பதற்கான விதிகள் அனுமதிக்கும் 13 வகைத் திராட்சைகளையும் இவர்கள் வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் கிரெனாஷ் என்ற வகையையே நம்பியிருக்க, இவர்களுடைய சிவப்பு ஒயினில் மூர்வெத்ர் என்ற வகைக்கும் ஏறக்குறைய அதே இடம் உண்டு. கிரெனாஷ் இனிமையும் சதைப்பற்றும் தரும். ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். மூர்வெத்ர் தாமதமாகப் பழுத்தாலும் கறுத்து இறுகி, ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கெட்ட ஆண்டுகளில் இந்தக் கலப்பின் அருமை தெரியும்.

2017-இல் பூ உதிர்ந்து, கிரெனாஷ் சரியாகக் காய் பிடிக்கவில்லை. 2018-இல் வசந்தகால மழையோடு, ஈரத்தில் பரவிக் கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் வந்தது. இயற்கை முறையில் பயிரிடுவோருக்கு மயில்துத்தம் கலந்த மருந்தைத் தவிர வேறு கதியில்லை. அடித்த மருந்தை அடுத்த மழை கழுவிவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். பல தசாப்தங்களாக ரசாயன மருந்தைத் தொடாத இந்தக் குடும்பம் அந்த ஆண்டும் தொடவில்லை. விளைச்சல் போனாலும் கொள்கையை விடாத அந்த உறுதிக்காகவே 2018 பாட்டிலை நான் மதிக்கிறேன்.

2016 குறை சொல்ல முடியாத ஆண்டு. 2019-இல் ஜூன் மாத இறுதியில் தென் பிரான்சில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது. ஆனாலும் ஒயினில் அடர்த்தியோடு புத்துணர்ச்சியும் இருக்கிறது. பத்து ஆண்டுகளாவது வைத்திருக்க இடமும் பொறுமையும் உள்ளவர்கள் இதை வாங்கலாம். 2020 அதைவிட மென்மையானது. 2022 கடும் வறட்சி. மூர்வெத்ருக்குத் தலை வெயிலிலும் கால் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அந்த ஆண்டு வெயில் மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. இதைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.

இப்போதே குடிக்க வேண்டுமா? தயங்காமல் 2021-ஐ எடுங்கள். ஏப்ரல் உறைபனியும் குளிர்ந்த கோடையும் சேர்ந்து, ஒயின் விமர்சகர்கள் அதற்குத் தரும் மதிப்பெண்களைக் குறைத்துவிட்டன. அதனால் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கிளாஸைச் சாய்த்தால் விளிம்பில் மாணிக்கச் சிவப்பு. முதலில் ராஸ்பெர்ரி, பிறகு வெள்ளை மிளகு, கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த தைம் இலை வாசனை. நாக்கில் பாரமே இல்லை. வெப்பமான ஆண்டுகளின் கனத்தில் அமுங்கிப்போகும் நுணுக்கமெல்லாம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால், இதே குடும்பத்தின் கூதுலே த போகாஸ்தெல் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு மறுபக்கம், ஷாத்தோநேஃப் எல்லைக்கு வெளியே விளைவதால் கோத் து ரோன் என்ற, ரோன் பகுதிக்கான பொதுப் பெயரில்தான் விற்க முடியும். விலையும் வெகுவாகக் குறைவு. எதை வாங்கினாலும் 16 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துத் திறங்கள். அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும்.