பூட்டிய முலாம் அறையில் ஒரு சயனைடு டப்பா

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாமனார் வெள்ளிக் கொலுசுக்கு முலாம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தவறி மூன்று வருடமாக அந்த அறை பூட்டியே கிடந்தது. இப்போது அதைச் சமையலறையாக்க நினைக்கிறோம். அலமாரியில் வெள்ளைக் கட்டிகள் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. சயனைடு என்று மாமனார் சொல்லியிருக்கிறார். கீழே ஒரு நைட்ரிக் ஆசிட் கேன், மூலையில் பாதி டிரம் முலாம் தண்ணீர். பக்கத்துப் பட்டறை அண்ணன், "மரவள்ளிக் கிழங்குலயே சயனைடு இருக்கு. தண்ணி நிறைய ஊத்திச் சாக்கடையில விட்டுடுங்க" என்கிறார். பழைய பட்டறைச் சாமான் வாங்குகிறவர் டிரம்முக்கு விலை பேசுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஊற்ற வேண்டாம், விற்கவும் வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த அறையைப் பூட்டியே வையுங்கள்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மரவள்ளியில் சயனைடு இருப்பது நிஜம்தான். ஆனால் அது சர்க்கரையோடு பிணைந்து, மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். அப்படியிருந்தும் மரவள்ளி இலையை வயிறு நிறைய மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து சாவதை நம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். உங்கள் டப்பாவில் இருப்பது அப்படிச் சர்க்கரையோடு பிணையாத உப்பு. உடம்பின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, மூன்று வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? மூடி இறுக்கமாக இருக்கும்வரை, காய்ந்திருக்கும்வரை சயனைடு உப்பு சும்மா கிடக்கும். ஆசிட் பட்டால்தான் பெரிய வினை. பட்ட அந்த நொடியே ஹைட்ரஜன் சயனைடு என்ற வாயுவாகக் கிளம்பும். அது சுமார் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அந்த அறை எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கசப்பு வாதுமை வாசனை வரும் என்பார்கள். அதை நம்பி முகர்ந்து பார்க்காதீர்கள். பரம்பரையாகவே பலருடைய மூக்குக்கு அந்த வாசனை எட்டாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது டப்பா இல்லை, டப்பாவுக்குக் கீழே இருக்கும் கேன். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. நான் பார்த்த ஒரு பட்டறையில் இன்னும் மோசம்: மேல்தட்டில் ஆசிட், கீழ்த்தட்டில் சயனைடு, நடுவில் ஒரு சாமி படம்.

பிரிப்பதைப் பகலில் செய்யுங்கள். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசலிலேயே நிற்க வேண்டும். கெமிக்கல் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு அவசியம். துணி மாஸ்க் எந்த வாயுவையும் தடுக்காது, அதை நம்பி உள்ளே போகாதீர்கள். முதலில் வாசலில் நின்றபடியே பாருங்கள். டப்பா மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தாலோ, கீழே ஈரம் கசிந்திருந்தாலோ, கேனில் விரிசல் தெரிந்தாலோ ஒன்றையும் தொட வேண்டாம். பூட்டிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். சயனைடு இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி வருவார்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் டப்பாவைத் திறக்காமல் அப்படியே எடுத்து, மூடியுள்ள காய்ந்த பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து டேப் ஒட்டுங்கள். "சயனைடு, திறக்காதே, ஆசிட் ஆகாது" என்று தமிழில் பெரிதாக எழுதி, ஆசிட் இல்லாத வேறு அறையில் பூட்டி வையுங்கள். கேனைத் தொடவே வேண்டாம். நைட்ரிக் ஆசிட் வருடக்கணக்கில் இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பொடிந்துபோகும்; கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். அதைச் சுற்றி சாக்கு, மரத்தூள், வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது, இந்த ஆசிட் அவற்றைப் பற்ற வைக்கும். செம்புநிறப் புகை தெரிந்தால் உடனே வெளியேறுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது இருமல் மட்டும் இருக்கலாம். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் "சரியாயிடுச்சு" என்று வீட்டில் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டிரம்முக்கு ஏன் விலை பேசுகிறார்கள் தெரியுமா? அந்தத் தண்ணீரில் சயனைடோடு வெள்ளியும் கரைந்திருக்கிறது. அதை எடுக்கச் சிலர் ஆசிடைத்தான் ஊற்றுவார்கள். ஆசிடை அவர் ஊற்றினாலும் டிரம் உங்கள் வீட்டிலிருந்து போனதுதானே! அதோடு, நச்சுப் பொருள்களை வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த 1919 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு முறித்துவிடலாம் என்று வீடியோக்களில் வருவதையும் நம்பாதீர்கள். ஆலைகளில் செய்வதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் காரத்தன்மையைக் கருவி வைத்து அளந்துகொண்டே செய்வார்கள். அளவு தப்பினால் சயனோஜன் குளோரைடு என்ற இன்னொரு விஷவாயு வரும்.

சாக்கடை ஏன் கூடாது என்றால், உங்கள் தெருவில் மேற்கே ஒரு பட்டறை அதே நேரம் ஆசிட் தண்ணீரை விட்டால் இரண்டும் கலப்பது யார் வீட்டு வாசலில் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடி காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாறு. ஏற்கெனவே பாவப்பட்ட ஆறு அது.

ஒப்படைக்க வேண்டிய இடம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். என்னென்ன பொருள், தோராய எடை, தூரத்திலிருந்து எடுத்த போட்டோ, பட்டறைக்கு மாமனார் வாங்கிய பழைய அனுமதிக் காகிதம் இருந்தால் அதன் நகல் எல்லாம் சேர்த்து மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்றவர்கள்தான் இதை எடுத்துச் செல்லலாம். கும்மிடிப்பூண்டியில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. செலவு கொஞ்சம் ஆகும். டிரம்மில் உள்ள வெள்ளியை முறையாகப் பிரிக்க அனுமதி பெற்ற ஆலை உண்டா என்று அவர்களிடமே கேளுங்கள்.

இடையில் யாராவது தலைசுற்றி விழுந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள். இரண்டாவது ஆளும் விழுவது இப்படித்தான். 108-ஐக் கூப்பிட்டுச் சயனைடு என்று சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தில் கொடுக்க வேண்டும். வெளியே வந்தவருக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

கடைசியாகச் சமையலறை. தரையும் சுவரின் கீழ்ப்பகுதியும் பல வருடம் முலாம் தண்ணீரைக் குடித்தவை. பொருள்கள் போன பிறகு தரையைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, பழைய சிமெண்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடுங்கள். பெயர்த்த கப்பியும் அந்தக் கழிவோடுதான் போக வேண்டும். அதுவரை கறை போகட்டும் என்று கழிப்பறை கழுவும் ஆசிடை அந்தத் தரையில் ஊற்றிவிடாதீர்கள்.