தீட்டாமல் விட்டால் மழுங்கல் வாள் ஆகிவிடுமா?

கும்பகோணம் பக்கம் அரிவாள் அடிக்கும் கொல்லரிடம் வாள் செய்து, தீட்டாமல் விட்டால் ஐரோப்பியக் கவசச் சண்டை விளையாட்டுக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

தீட்டாத அரிவாளும் விளிம்பில் மெலிந்துதான் இருக்கும். ஓங்கி விழுந்தால் வெட்டும். புஹர்ட் எனப்படும் அந்த விளையாட்டில் வாளின் விளிம்பு குறைந்தது 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். முனையும் வட்டமாக இருக்க வேண்டும்; குத்துவதற்கே அங்கு தடை. அப்படியும் முழு பலத்தோடு அடிப்பதால், கவசம் இல்லாத இடத்தில் பட்டால் எலும்பு முறியும்.

பெரிய சிக்கல் எஃகின் பதத்தில், அதாவது அதன் கெட்டித்தன்மையில் இருக்கிறது. அரிவாளுக்கு வாய் கெட்டியாக இருந்தால் போதும். இந்த வாளோ எஃகுக் கவசத்தின் மேல் திரும்பத் திரும்ப மோதுவது. நீளம் முழுவதும் வளைந்து மீள வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல தேர்வுதான். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், புதிதாக வாங்குங்கள். பழுக்கக் காய்ச்சித் தோய்த்த பின் மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்காவிட்டால் கண்ணாடி போல ஒடியும். (சுவாமிமலைக்குப் போய்க் கேட்காதீர்கள், சிலைக்கு வார்க்கும் ஐம்பொன் இந்த அடி தாங்காது.)

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் விளிம்பில் பிசிறு கிளம்பும். பழைய வேட்டித் துணியை வாள் நெடுக இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் அரம் போட்டு உருட்டிவிடுங்கள். டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் துரு சீக்கிரம் ஏறும், எண்ணெய் தடவாமல் உறையில் போடாதீர்கள்.