பாகிஸ்தானுக்கு எஃப்-16 என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோட்டில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2022இல் பாகிஸ்தானிடம் உள்ள அமெரிக்கத் தயாரிப்பான எஃப்-16 போர் விமானங்களைப் பராமரிக்க அமெரிக்கா 45 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. நம்மையும் நண்பன் என்று சொல்லும் அந்த நாட்டோடு ஆயுத வியாபாரத்தை ஏன் நிறுத்தக் கூடாது? அப்புறம், இனி ராணுவ ஆர்டர் குவியும், வாங்கித் தருகிறேன் என்று கோவையிலிருந்து ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வியாபாரத்தை நிறுத்துவது நமக்குத்தான் நஷ்டம். வாளையாறு தாண்டிப் போனால் சூலூர் விமானத் தளம். 2018இல் அங்கே வந்திறங்கிய தேஜஸ் நாம் செய்த விமானம்தான். இன்ஜின் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்துடையது. 2021இல் 83 புதிய தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். இன்ஜின் தாமதமானது, விமானமும் தாமதமானது. இந்த நிலையில் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது.

கண்டனத்தால் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. 2016இல் பாகிஸ்தானுக்கு எட்டு எஃப்-16 என்றதும் அமெரிக்கத் தூதரை அழைத்து எதிர்ப்பைச் சொன்னோம். விற்பனை நின்றது அதனால் அல்ல. மானியம் தர அமெரிக்க நாடாளுமன்றம் மறுத்ததால்தான். 2005இல் நடந்தது வேறு. பாகிஸ்தானுக்கு எஃப்-16 விற்க அமெரிக்க அதிபர் புஷ் மீண்டும் கதவைத் திறந்தார். நாம் அதிருப்தியைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தோம். அதே ஆண்டு ஜூலையில் இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்கான கூட்டறிக்கை வந்தது. பதிலுக்கு நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு வாங்குவதுதான் வளரும் நாட்டுக்கு அழகு.

ஒரு விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தியே ஆக வேண்டும். சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து செய்யும் ஜே.எஃப்-17 விமானம் ஓடுவது ரஷ்யாவின் ஆர்.டி-93 இன்ஜினில். ரஷ்யாவின் பெரிய வாடிக்கையாளர் நாம். நம் ஆட்சேபத்தையும் மீறி அந்த இன்ஜின் சீனா வழியாகப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கில் பணம் கொடுக்கும்போதே இப்படிப்பட்ட நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் எந்த விற்பனையாளர் மதிப்பார்?

சீனாவிடம் இந்தப் பேச்சே எடுபடாது. 2020 முதல் 2024 வரை பாகிஸ்தான் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 81 சதவீதம் சீனாவுடையது என்கிறது ஆயுத வியாபாரத்தை ஆராயும் ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம். அங்கே செயல்தான் பதில். தென்சீனக் கடலில் சீனாவோடு தகராறு உள்ள பிலிப்பைன்ஸுக்கு 2022இல் பிரம்மோஸ் ஏவுகணை விற்க ஒப்பந்தம் போட்டோம். 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது.

நான் உண்மையில் பயப்படுவது தரகர்களுக்கு. பக்கத்து நாடு எதையாவது வாங்கிய மறுநாளே, "நீங்களும் உடனே வாங்குங்கள்" என்று வந்து நிற்பார்கள். 1986இல் வாங்கிய போஃபர்ஸ் பீரங்கியில் கமிஷன் புகார் வெடித்தது. அதற்குப் பின் 2016இல் அமெரிக்காவின் எம்-777 பீரங்கிக்கு ஒப்பந்தம் வரும்வரை நம் ராணுவம் வெளிநாட்டிலிருந்து ஒரு புதிய பெரிய பீரங்கிகூட வாங்கவில்லை. தரகன் தின்றது கொஞ்சம், நாடு இழந்தது முப்பது வருஷம். அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 126 போர் விமானங்களுக்கு 2007இல் டெண்டர் விட்டார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். கடைசியில் வாங்கியது பிரான்ஸின் 36 ரஃபேல். அதில் முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலையில். இவ்வளவு காலம் கோப்பு நகராமல் இருந்தால் எதிரிக்கு வேறு உதவி எதற்கு?

உங்கள் கோவைக்காரரும் அதே ரகம், அளவுதான் சின்னது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இறக்குமதியாகும் எந்தெந்த உதிரிபாகங்களை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற பட்டியலைப் பாதுகாப்பு அமைச்சகம் 2020 முதல் ஸ்ரீஜன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. உங்கள் லேத்தில் ஆகக்கூடிய உருப்படி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கஞ்சிக்கோட்டிலேயே ராணுவ வாகனங்கள் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். ஆலை இருக்கிறது, அதன் கொள்முதல் பிரிவில் நேரே போய் விசாரியுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், எந்த நிறுவனம், எந்த உருப்படி, வரைபடம் எங்கே என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.