வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது, 42 கிலோ. இரண்டு மாதமாகப் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கத் திணறுகிறான். டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் வழுக்குகின்றன. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள் எல்லோரும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நாம் போடும் வலி மாத்திரை எதையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அதன்மேல் அவர் இன்னொரு வலி மருந்தோ ஸ்டீராய்டோ கொடுத்தால் ஆபத்து. நாய்களுக்கென்றே கார்ப்ரோஃபென் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள்.

அப்புறம் இந்த 'வயசாகிவிட்டது' பேச்சு. இதைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது, வயசு ஒரு நோயே இல்லை. பின்னங்கால் தளர்வதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதில் முதலில் பார்க்க வேண்டியது வலி இருக்கிறதா இல்லையா என்பதுதான். எழுந்தவுடன் விறைப்பாக நடந்து பத்து அடி போனதும் கொஞ்சம் இளகுகிறதா, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறானா, ராத்திரி மூச்சு வாங்குகிறானா? அப்படியென்றால் பெரும்பாலும் இடுப்பு மூட்டுத் தேய்மானம், லாப்ரடாரில் சர்வ சாதாரணம். வலி தெரியாமல், நடக்கும்போது நகம் தரையில் 'சர்ரக் சர்ரக்' என்று உரசினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கி நிற்க வைத்து, ஒரு பின்பாதத்தை மெதுவாக மடக்கி அதன் மேற்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருக்கிற நாய் சட்டென்று பாதத்தைத் திருப்பி ஊன்றிவிடும். அப்படியே மடங்கின பாதத்தோடு நின்றால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். குரைப்பு கரகரத்திருந்தாலும், உண்ணி இருந்தாலும் சொல்லுங்கள், கால் தளர்வின் காரணத்தைக் கண்டுபிடிக்க அவையும் உதவும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

42 கிலோ மிக அதிகம், ஆண் லாப்ரடாருக்கே 36 கிலோ போதும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்தே இரண்டு பிரிவாக வளர்த்துப் பார்த்தார்கள், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இப்போது குறைத்தாலும் பலன் உண்டு. பிஸ்கட்டை நிறுத்துங்கள், சோற்றைக் குறையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், அதுதான் கணக்கு.

தரையில் அவன் நடக்கும் வழி முழுக்க ரப்பர் மிதியடி போடுங்கள். பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டிவிடுங்கள், பாதி வழுக்கல் அதனால்தான். நடையை நிறுத்தாதீர்கள், ஒரே நீண்ட நடைக்குப் பதில் மூன்று சின்ன நடை. திடீரென்று கால் விழுந்துவிட்டாலோ சிறுநீர் போகவில்லை என்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: 10 வயது ஜெர்மன் ஷெப்பர்ட். தண்டுவடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய், மருந்து இல்லை என்றார் டாக்டர். இனி என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: சரிசெய்யும் மருந்து இல்லை, உண்மைதான். ஆனால் அவளுக்கு அதில் வலி இல்லை, அதை மனதில் வையுங்கள். தினமும் நடக்க வையுங்கள், தசை கரையாமல் இருந்தால் கால் கூடுதல் நாள் தாங்கும். பழைய துண்டு ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும், முன்னங்காலால் அவளே உங்களை இழுத்துக்கொண்டு போவாள். பாதம் உரசிப் புண்ணாகாமல் உறை மாட்டுங்கள். படுத்தே இருக்கும் நாள் வந்தால் கனமான மெத்தை போட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும்.