விபத்துக்குப் பிறகு ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: முன்னால் போன வண்டியில் என் கார் இடித்துவிட்டது. ஏர்பேக் எதுவும் விரியவில்லை. ஆனால் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை, ஓட்டுநர் பெல்ட்டும் இழுத்தால் வரவில்லை. பம்பரைச் சரிசெய்தால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா?

பதில்: போதாது. மோதும் கணத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனர் வெடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெல்ட்டை இறுக்குவதற்கும் பையை விரிப்பதற்கும் மோதல் வரம்பு வேறு வேறு. அதனால் ஏர்பேக் அசையாத மோதலிலும் பெல்ட் இறுகிவிடலாம். உள்ளே இருக்கும் சிறிதளவு வெடிமருந்து ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அதைப் பழுதுபார்க்க வழியில்லை. பிரீடென்ஷனர் சில கார்களில் பெல்ட் சுருளும் ரிட்ராக்டரில் இருக்கும், சிலவற்றில் பக்கிளின் அடியில். பக்கிள் வகை என்றால் வெடித்த பிறகு அது கீழே இறங்கி, பக்கத்து இருக்கையின் பக்கிளைவிடத் தாழ்ந்து நிற்கும்.

வெடிக்காத பெல்ட்டுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கடைசிவரை வெளியே இழுத்து, நாடாவின் இரு பக்கமும் பாருங்கள். பிசிறு, வெட்டு, அலை அலையான சுருக்கம், உருகிய பளபளப்பு ஆகியவை பெல்ட் பாரம் தாங்கியதன் அடையாளம். தோளுக்கு மேலே பெல்ட் வளையும் வளையத்தில் பிளாஸ்டிக் இழுபட்ட தடம் இருந்தாலும் அதே முடிவுதான். கண்ணில் படாதது ஒன்றும் உண்டு. பல ரிட்ராக்டர்களுக்குள் ஒரு முறுக்குக் கம்பி இருக்கும். நெஞ்சில் விழும் அழுத்தத்தைக் குறைக்க அது முறுகிக்கொண்டே பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முறுகியது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலத்த மோதலின்போது ஆள் அணிந்திருந்த பெல்ட்டை முழுத் தொகுப்பாக மாற்றுவதே சரி. நாடாவை மட்டும் மாற்றித் தைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முன்புற ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. உடைத்துப் பிரித்த காரிலிருந்து ஏர்பேக் எடுத்துப் போட்டு, ஏர்பேக்கை இயக்கும் கணினிப் பெட்டியான கன்ட்ரோல் மாட்யூலை ரீசெட் செய்தால் செலவு பாதியாகும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பழைய ஏர்பேக் எங்கே கிடந்தது, வெள்ளத்தில் ஊறியதா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ரீகால், அதாவது குறையுள்ள பாகத்தை மாற்றித் தர நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது. டகாட்டா நிறுவனத்தின் பல இன்ஃப்ளேட்டர்களில் (பையை வாயுவால் நிரப்பும் பாகம்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்தது. விரியும்போது உலோக உறையே வெடித்துச் சில்லுகளாகப் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்த ரீகால் அறிவிப்பு போவது பழைய காரின் சேஸிஸ் எண்ணுக்கு. கழற்றி உங்கள் காரில் மாட்டியதுமே அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. உங்கள் எண்ணைத் தேடினால் எதுவும் வராது.

ரீசெட் என்பது மாட்யூலின் நினைவகத்தில் பதிந்த மோதல் தகவலை அழிப்பது, அவ்வளவே. அதன் உள்சுற்று நலமாக இருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் புதிது போடச் சொல்கின்றன. சில, மறுபயன்பாட்டுக்கு நிபந்தனை வைக்கின்றன. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. மதிப்பீட்டில் பை இரண்டு மட்டும் இருந்தால் கணக்கு முழுமையாகாது. கிளாக் ஸ்பிரிங் (திரும்பும் ஸ்டீயரிங்குக்கு மின்இணைப்பு தரும் சுருள் நாடா), முன்புற மோதல் சென்சார்கள், கிழிந்த டேஷ்போர்டு, முன் பெல்ட்டுகள் எல்லாவற்றையும் பற்றிக் கேளுங்கள். டேஷ்போர்டைப் பசை போட்டு ஒட்டி வண்ணம் அடிப்பது ஆபத்து. மூடி பிளக்க வேண்டிய கோட்டில் பிளக்காது.

கேள்வி: ஸ்டீயரிங் ஏர்பேக்கை நானே கழற்றி மாட்டலாமா?

பதில்: சர்வீஸ் மேனுவலும் ஏர்பேக்கின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரும் இல்லையென்றால் தொடாதீர்கள். பயிற்சி உள்ளவரிடம் கொடுத்தாலும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க முறை தெரிந்திருப்பது நல்லது. முதலில் குறியீடுகளைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு சக்கரங்களை நேராக வைத்து, இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். உடனே கை வைக்கக் கூடாது. மின்சாரம் அறுந்தாலும் வெடிக்கச் செய்வதற்காக மாட்யூலுக்குள் ஒரு கெபாசிட்டர் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய மாடலைப் பொறுத்து 1 நிமிடம் முதல் 10 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும்.

ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. பையை வெடிக்கவைக்கும் இக்னைட்டரின் மின்தடை சுமார் 2 ஓம்தான். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதைக் கொளுத்திவிடலாம். கழற்றிய பையை, மூடி உடம்புக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி தூக்கி, மூடி மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மொத்த மாட்யூலும் கூரைக்குப் பாயும். விரிந்து முடிந்த பையும் செத்த பாம்பல்ல: இரண்டு கட்ட இன்ஃப்ளேட்டரில் இரண்டாம் கட்டம் வெடிக்காமல் மிஞ்சியிருக்கலாம். விரிந்த பையில் ஒட்டிய தூள் தோலையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் வைக்காமல் மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே உள் நாடா அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்தே போகும். கடைசியில் பேட்டரியை இணைத்து இக்னிஷன் போடும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது.

கேள்வி: வாங்கப்போகும் பழைய காரில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

பதில்: எரியவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இக்னிஷன் போட்டதும் சில நொடிகள் எரிந்து, தானாக அணைய வேண்டும். வேறொரு விளக்கோடு ஒரே கணத்தில் அணைந்தால், இரண்டையும் வயரால் சேர்த்திருக்கலாம். இன்னொரு தந்திரம், பைக்குப் பதிலாகக் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகுவது. மாட்யூல் ஏமாந்துவிடும், ஸ்கேனரும் பிழை காட்டாது. ஸ்டீயரிங் மூடியின் நிறமும் டேஷ்போர்டு விளிம்பும் மற்ற பாகங்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் உற்பத்தித் தேதி இருந்தால் காரின் வயதோடு ஒப்பிடுங்கள். முன் பெல்ட் இரண்டும் காரைவிட இளையவை என்றால், ஏர்பேக் பாக எண்களோடு கூடிய பில்லையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள்.

கேள்வி: குழந்தை இருக்கை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஏர்பேக் விரிந்திருந்தாலோ, காரை இழுத்துச் செல்ல நேர்ந்தாலோ, யாருக்காவது காயம் பட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். லேசான உரசல் என்றால் இருக்கையின் கையேட்டைப் பாருங்கள். எந்த மோதலானாலும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. பழையதை யாருக்கும் கொடுக்காமல், நாடாக்களை வெட்டிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.