பதிவேற்றியது யாருக்காக?

கேள்வி: எங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அறிய இரண்டு நாள் இணையத்தில் தேடினேன். ஊரின் மக்கள்தொகை, அஞ்சல் குறியீட்டு எண், பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் ஆகியவைதாம் கிடைத்தன. ஒரு ரூபாய்க்கும் கணக்கு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால், ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். அது உண்மையா, அல்லது எங்களை அலைக்கழிக்கிறார்களா?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கணக்கின் ஒரு பகுதி இணையத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடிய இடத்திலோ, நீங்கள் தேடிய பெயரிலோ, உங்கள் மொழியிலோ அது இல்லை. எவரோ திட்டமிட்டு ஒளித்துவைத்தார்கள் என்று நான் கருதவில்லை. கீழ் அலுவலகம் செய்த வேலையை மேல் அலுவலகம் கண்காணிப்பதற்காகக் கட்டப்பட்ட தளங்கள் இவை. ஊராட்சியிலிருந்து ஒன்றியத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பின் சென்னைக்கும் டெல்லிக்கும் போகிற அறிக்கையைப் போகிற வழியில் குடிமக்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சன்னலைத் திறந்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே, மேலதிகாரி பார்க்கிற முறையில் பார்த்தால் கிடைக்கும். ஊர்க்காரர் தேடுகிற முறையில் தேடினால் கிடைக்காது.

முதல் இடறல் பெயரில் இருக்கிறது. நாம் ‘எங்கள் ஊர்’ என்று சொல்வது பல வேளைகளில் ஊராட்சியின் பெயராக இருப்பதில்லை. பல குக்கிராமங்கள் சேர்ந்து ஓர் ஊராட்சி. அதற்குப் பெயர் அவற்றுள் ஏதேனும் ஒன்றினுடையது. உங்கள் பட்டாவில் இருக்கும் பெயரோ வருவாய்க் கிராமத்தின் பெயர்; அதன் எல்லை ஊராட்சியின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. இவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்டாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் குறுக்கே வரும். ‘கீழ்’ என்று தொடங்கும் ஊரை ஒரு தளத்தில் ‘கில்’ என்று எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் ‘கீல்’ என்றும், மற்றொன்றில் ழகரத்துக்கு ‘இசட் எச்’ சேர்த்தும் எழுதியிருப்பார்கள். புதூரும் நல்லூரும் மாவட்டத்துக்கு எத்தனை என்று எண்ணி முடியாது. எனவே தேடுபொறியில் பெயரைத் தட்டுவதை விட்டுவிடுங்கள். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவுத் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்கினால் உங்கள் ஊராட்சிக்குரிய குறியீட்டு எண் கிடைக்கும். பெயர் மாறினாலும் எண் மாறாது. அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, 2020 ஏப்ரல் 24 அன்று, தேசிய ஊராட்சி நாளில், தொடங்கப்பட்ட ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்துக்குச் செல்லுங்கள். மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியத்தை ஊராட்சி எப்படிச் செலவிட்டது என்பதை அறிய அதுவே முதன்மையான வழி. நிதியாண்டையும் ஊராட்சியையும் தெரிவு செய்தால், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஒப்புதல் பெற்ற பணிகளும், பணம் வழங்கிய செலவுச்சீட்டுகளும் வரிசையாக வரும். அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில், 2021-22 முதல் 2025-26 வரை, 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டியது. மீதி 40 விழுக்காட்டையே ஊராட்சி தன் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம். துப்புரவுக்குரிய பங்கிலிருந்து சிமென்ட் சாலைக்குப் பணம் போயிருந்தால், அது கேட்க வேண்டிய கேள்வி.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். நம் வாசகர் ஒருவர் தம் ஊராட்சியின் செலவுச்சீட்டுப் பட்டியலை அச்செடுத்து நம் இதழின் அலுவலகத்துக்கே கொண்டுவந்தார். ஒரே ஆண்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுநீக்கம் என்று மூன்று பதிவுகள். பணியின் பெயர் மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தது. மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். கிராம சபையில் எழுந்து கேட்டபோது ஊராட்சிச் செயலர் பணிக்கான ரசீதுகளை எடுத்துவந்து காட்டினார்: மூன்றும் மூன்று தெருக்களில் உள்ள வெவ்வேறு மோட்டார்கள். தெருவின் பெயரைச் சேர்த்துப் பதியும் சிரமத்தை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பவர் மேலதிகாரி மட்டும் என்றால் எந்தத் தெரு என்பது அவருக்கு வேண்டியதில்லை. செலவுத் தலைப்பும் தொகையும் போதும். அந்தத் தெருவில் குடத்தோடு நிற்பவருக்குத்தான் தெருவின் பெயர் வேண்டும். இந்த ஒரு சொல்லின் குறையால் நேர்மையாகச் செய்த வேலைக்கும் சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஊராட்சிகளை நடத்துவோர் உணர வேண்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு எனத் தனித் தளம் உண்டு. எந்த வேலையில் எத்தனை பேர் பதிவாகியுள்ளனர் என்பது வரை அதில் இறங்கிப் பார்க்கலாம். குடிநீர் இணைப்புகளின் எண்ணிக்கையை ஜல் ஜீவன் தளம் ஊர்வாரியாகத் தருகிறது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளுக்குத் தமிழக அரசின் மின்-ஒப்பந்தப்புள்ளித் தளம் இருக்கிறது.

இல்லாததற்கு வருகிறேன். வீட்டு வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு நிலுவை, கிராம சபை நிறைவேற்றிய தீர்மானம் என்ன ஆயிற்று, முடிந்த பணியை அளந்து எழுதிய அளவுப் புத்தகம் என்ன சொல்கிறது ஆகிய, ஊர்க்காரர் முதலில் கேட்கிற கேள்விகளுக்கு இந்தத் தளங்களில் நிறைவான விடை கிடைப்பது அரிது. இதை வெறும் வசதிக் குறைவு என்று விட்டுவிட நான் ஒப்பமாட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காம் பிரிவு, எவரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை 17 வகைகளாக எழுதி, அவற்றை 120 நாள்களுக்குள் வெளியிட வேண்டும் என்றது. ஒதுக்கீடும் செலவும் அவற்றுள் அடங்கும். குழுக்களின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதும் அடங்கும். தகவலைப் பரப்பும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இணையம் மட்டுமே வழி என்று அது சொல்லவில்லை; அறிவிப்புப் பலகையும் செய்தித்தாளும் பொது அறிவிப்பும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, ‘ஆன்லைனில் பாருங்கள்’ என்று ஒரு தமிழ் மூதாட்டியை ஆங்கிலப் பட்டியலிடம் அனுப்பிவைக்கும் அலுவலகம் சட்டத்தை நிறைவேற்றியதாகாது. இப்பிரிவின் நடைமுறையைத் தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருப்பதையும் உங்கள் அலுவலகத்தில் எடுத்துச் சொல்லலாம்.

இணையத்தில் கிடைக்காததற்கு விண்ணப்பம் எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும்; தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாள்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவருடைய கடமை. விடைக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஊராட்சியில் நடந்த அனைத்து முறைகேடுகளையும் தருக’ என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு கோப்பு எந்த அலுவலகத்திலும் இல்லை. இன்ன நிதியாண்டில், இன்ன செலவுச்சீட்டு எண்ணுக்குரிய அளவுப் புத்தகப் பக்கத்தின் நகல் என்று கேளுங்கள். அந்த எண் உங்களுக்குத் தளத்திலிருந்தே கிடைத்திருக்கும். நகலுக்குப் பதிலாக ஆவணத்தை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அடுத்த கூட்டத்துக்குச் செலவுச்சீட்டுப் பட்டியலின் அச்சுத்தாளோடு செல்லுங்கள். பணிகளின் விவரத்தைத் தெருவின் பெயரோடு தமிழில் எழுதி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது, ஒன்றியத்தின் பெயர் இல்லை. அந்த மாவட்டத்தில் உங்கள் ஊரின் பெயரிலேயே மூன்று ஊராட்சிகள் பட்டியலில் உள்ளன. ஒன்றியத்தின் பெயரை ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்பினால், குறியீட்டு எண்ணையும் கடைசி நிதியாண்டின் செலவுச்சீட்டுப் பட்டியலையும் அச்செடுத்து அனுப்பிவைக்கிறோம்.