65 லீற்றரா, ஸ்கூல் பேக்கா?

வாசகர் கடிதம்:

வணக்கம் அண்ணா. நான் ஹப்புத்தளை பக்கம், பேர் போட வேணாம். வேலைக்கு சேந்து ஆறு மாசம் ஆகுது. வார மாசம் நாங்க நாலு பேர் நாரங்கல மலையில ஒரு ராத்திரி டென்ட் போட்டு தங்க பிளான் பண்ணியிருக்கோம். பேக் வாங்க போனா கடைக்காரர் 65 லீற்றர் எடுங்க, பிறகு எல்லாத்துக்கும் உதவும்னு சொல்றார். அப்பா என்னடான்னா ஒரு ராத்திரிக்கு எதுக்கு காசை கொட்டுற, ஸ்கூல் பேக்கே போதும்கிறார். நான் 5 அடி 1 அங்குலம், 48 கிலோ தான். எந்த சைஸ் எடுக்குறது? அதே பேக்கை சிவனொளிபாதமலைக்கும் கொண்டு போகலாமா?

பதில்:

தங்கச்சி, ரெண்டு தப்பையும் நான் பண்ணியாச்சு, அதனால தைரியமா சொல்றேன், ரெண்டு பேர் சொன்னதும் உங்களுக்கு சரி வராது.

முதல் தடவை நக்கிள்ஸ் மலைப் பக்கம் போனப்ப என்கிட்ட இருந்தது 22 லீற்றர் பேக். ஸ்லீப்பிங் பேக் உள்ள போகல, சரி வெளியில கட்டிக்குவோம்னு நைலோன் கயித்துல கட்டி தொங்க விட்டுட்டு நடந்தேன். மழைன்னு சொல்ற அளவுக்கு மழை கூட இல்ல, வெறும் மிஸ்ட் தான், ஆனா இடுப்பு உயரத்துக்கு மானாப்புல்லு, அதுல இருந்த ஈரம் முழுக்க அந்த மூட்டைக்கு தான் போயிருக்கு. ராத்திரி டோர்ச் அடிச்சு பிரிச்சா கால் பக்கம் சொதசொதன்னு இருக்கு, மடிப்புக்குள்ள மூணு அட்டை வேற சொகுசா படுத்திருக்கு. விடிய விடிய உக்காந்தே இருந்தேன்.

அந்த கோவத்துல அடுத்ததா 70 லீற்றர் வாங்கினேன். பெரிய பேக்ல என்ன பிரச்சினைன்னா, இடம் இருக்குன்னு தெரிஞ்சா நம்ம கை சும்மா இருக்காது. ஒரு ராத்திரிக்கு ரெண்டு ஜீன்ஸ், அலுமினிய சட்டி, அம்மா குடுத்த மாசிச் சம்பல் போத்தல், கண்ணாடிப் போத்தலுங்க அது! தராசுல வச்சு பாத்தா 17 கிலோ. பாதி ஏத்தத்துலயே சம்பலை திறந்து எல்லாருக்கும் பங்கு போட்டு சுமையை குறைச்சோம்.

உங்க கணக்குக்கு வருவோம். பேக்கை பாக்குறதுக்கு முன்னாடி கொண்டு போற சாமானை எல்லாம் வீட்டு தரையில பரப்பி வைங்க. நம்ம ஊர்ல கிடைக்கிற சாதாரண ஸ்லீப்பிங் பேக் சுருட்டினா 10 லீற்றருக்கு மேலயே இடம் பிடிக்கும். டென்டை ஒருத்தர் தலையில கட்டாம துணி ஒருத்தர், கம்பி ஒருத்தர்னு பிரிச்சா ஆளுக்கு ஒரு 4, 5 லீற்றர். ஸ்வெட்டர், ரெயின்கோட், மாத்துத் துணி ஒரு செட்டுக்கு ஒரு 6. சாப்பாடு, சின்ன அடுப்புல உங்க பங்கு ஒரு 4. டோர்ச், மருந்து, சின்ன சாமான்னு இன்னும் ரெண்டு. தண்ணி 2 லீற்றர், அது சைட் பொக்கெட்டுல நிக்கும். மேல கடை கண்ணி கிடையாது, தண்ணியை கீழ இருந்தே தூக்குறது தான் புத்தி. கூட்டி பாத்தா 30க்கு கிட்ட வருது, கொஞ்சம் மூச்சு விட இடம் வச்சா 35ல இருந்து 40. ஒரு ராத்திரிக்கு, ஏன் ரெண்டு ராத்திரிக்கும் இது போதும். படுக்குற ஃபோம் மேட்டை மட்டும் வெளியில கட்டுங்க, அது தண்ணி குடிக்காது.

பாரம் உங்க எடையில அஞ்சுல ஒரு பங்கை தாண்டக்கூடாதுன்னு பொதுவா சொல்லுவாங்க, 48 கிலோவுக்கு ஒம்பதரை கிலோ வருது, நான் 8லயே நிறுத்த சொல்லுவேன். 65 லீற்றர் பேக் சிலது வெறுமையாவே 2 கிலோ நிக்கும், கால்வாசி அங்கயே போச்சு.

இன்னொன்னு, பேக்ல போட்டிருக்க நம்பரை அப்பிடியே நம்பாதீங்க. சில கொம்பனி வெளி பொக்கெட்டையும் சேத்து கணக்கு காட்டும், சிலது உள்ள மட்டும் அளக்கும். ஃபுட்பாத் கடையில 60னு அச்சடிச்சிருந்த பேக் ஒண்ணுக்குள்ள 1 லீற்றர் தண்ணி போத்தலா அடுக்கி பாத்தேன், 35க்கு மேல போகல. போத்தலுக்கு நடுவுல சந்து விழும் தான், அதுக்குன்னு 25 லீற்றரா?

ஆனா லீற்றரை விட பெரிய விசயம் முதுகு நீளம். இதை கடையில யாரும் சொல்றதில்ல. என் அம்மா தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. கூடைக் கயிறு தலையில தான் மாட்டும், கீழ துணியை மடிச்சு வச்சிருப்பாங்க, அப்பிடியே கொழுந்து நிறுக்குற மடுவம் வரைக்கும் கழுத்தால தூக்கிட்டு வருவாங்க. ராத்திரி எண்ணெய் தேய்க்கிறப்ப பாத்தா உச்சியில கயிறு உக்காந்த இடத்துல மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு முடி மெலிஞ்சு கிடக்கும். நல்ல பேக்ல இருக்குற இடுப்பு பெல்ட் அதுக்கு நேர் எதிர் வேலை செய்யுது, பாரத்துல பெரும்பங்கை கழுத்து, தோளுல இருந்து இறக்கி இடுப்பெலும்புல வைக்குது, அங்க இருந்து காலுக்கு போயிருது. ஆனா பேக் முதுகுக்கு நீளமா இருந்தா பெல்ட் இடுப்புக்கு கீழ சறுக்கி தொடையில இடிக்கும், கட்டையா இருந்தா வயித்துல ஏறி நிக்கும். ரெண்டுலயும் பாரம் திரும்ப தோளுக்கே வந்துரும்.

தலையை குனிங்க, கழுத்தடியில ஒரு எலும்பு துருத்திட்டு நிக்கும். அங்க இருந்து, இடுப்புல கை வச்சா பெருவிரல் படுற எலும்பு விளிம்பு வரைக்கும் தையல் டேப்பால அம்மாவை அளக்க சொல்லுங்க. உங்க உயரத்துக்கு அனேகமா சின்ன சைஸ், இல்ல பொம்பளைங்களுக்குன்னு தைச்சதா தான் பாக்கணும். கடைக்கு போறப்ப 5 கிலோ அரிசி பை ஒண்ணும் ரெண்டு தண்ணி போத்தலும் கொண்டு போங்க, சிரிச்சா சிரிக்கட்டும். உள்ள போட்டு, வாரெல்லாம் தளர்த்தி, முதல்ல இடுப்பு பெல்ட், பிறகு தான் தோள் வார். பத்து நிமிசம் கடைக்குள்ளயே நடங்க, படி இருந்தா ஏறி இறங்குங்க.

ரெயின் கவரை முழுசா நம்பாதீங்க, முதுகு பக்கமா தண்ணி இறங்கும். உரப்பைக்குள்ள வருமே ஒரு பொலித்தீன் பை, அதை நல்லா கழுவி காயவச்சு பேக்குக்கு உள்ள விரிச்சு அதுக்குள்ள சாமானை அடுக்குங்க. காசு செலவே இல்ல, மலையகத்துல அதை விட நல்ல சாமான் நான் இன்னும் பாக்கல. (பிறகு அதை அங்கயே வீசிட்டு வந்தா நான் பொறுப்பில்ல, கோவம் தான் வரும்.)

பீக்கோ ட்ரெயில்னு கண்டி ஹந்தானையில இருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல, 22 கட்டமா ஒரு பாதை போகுதே, உங்க ஹப்புத்தளை பக்கமாவும் தான் போகுது. அங்க ரூம்ல தங்கி தங்கி நடக்குறதுன்னா 25, 30 லீற்றரே தாராளம்.

சிவனொளிபாதமலைக்கு கேட்டீங்க. 2243 மீற்றர் மலை தான், ஆனா அங்க யாரும் டென்ட் போடுறதில்ல, ராத்திரியில ஏறி சூரியனை பாத்துட்டு இறங்குறது. மார்கழி போயாவுல (பௌர்ணமியில) இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சீசன், நல்லதண்ணி பாதையில வழி நெடுக தேத்தண்ணி கடை இருக்கும், சாப்பாட்டு மூட்டை தேவையில்ல. ஏறுறப்ப வேர்த்து கொட்டும், மேல போய் நின்னா காத்துல அந்த ஈர டீசேர்ட்டே ஆளை உலுக்கிரும், அதனால ஒரு காஞ்ச டீசேர்ட், ஸ்வெட்டர், தொப்பி, டோர்ச், ஒரு போத்தல் தண்ணி. இதுக்கு அப்பா சொன்ன ஸ்கூல் பேக் போதும், அவர்கிட்டயும் சொல்லிருங்க, சந்தோசப்படுவார்.

முதுகை அளந்து எத்தனை அங்குலம்னு எழுதுங்க, அதுக்கு முன்னாடி கடையில அட்வான்ஸ் கட்டிறாதீங்க.